கட்டைப்பைக்குள் ஒரு மருத்துவ வரலாறு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலையில் இறங்குகிறவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை இருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருப்பது எக்ஸ்ரே கவர். உள்ளே ஓபி சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கோடு மங்கி வெறும் ரோஸ் காகிதமாகிப்போன இ.சி.ஜி.

அப்பாவின் பையோடு நானும் பல வருடம் அலைந்தவன். ஒருமுறை பையை வீட்டிலேயே மறந்துவிட்டோம். புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனை. முந்தின வாரம் அதே கட்டடத்தில் எடுத்த எக்கோவைக் கணினியில் தேடினார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. பதிந்தவர் இனிஷியலை முன்னால் போட்டிருக்கிறார், தேடியவர் பின்னால் போட்டார். எக்கோவை மறுபடி எடுத்தோம், பணமும் மறுபடி கட்டினோம்.

மின்னணு மருத்துவப் பதிவு என்றாலே மென்பொருள், சர்வர் என்று பேசுகிறோம். நம் ஊரில் சிக்கல் அதற்கு முன்பே, பெயரில் தொடங்கிவிடுகிறது. லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி மூவரும் ஒருவரே என்று வரவேற்பு மேசைக்காரருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கொடுத்த செல்போன் எண் மகனுடையது, வயது உத்தேசம். ஆபா எண் வந்தது இந்தக் குழப்பத்துக்காகத்தான். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க எண் இது. (பலர் இதைக் காப்பீட்டு அட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதைக் காட்டி ஒரு ரூபாய்க்குக்கூட வைத்தியம் பார்க்க முடியாது.)

இந்த ஏற்பாட்டில் உங்கள் கோப்பு டெல்லியில் எங்கோ ஒரே இடத்தில் குவிவதில்லை. எந்த மருத்துவமனையில் உண்டானதோ அங்கேயே இருக்கும். வேறொரு மருத்துவர் பார்க்க வேண்டுமானால் உங்கள் செல்போனுக்குக் கோரிக்கை வரும்: யார் கேட்கிறார், எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான பதிவுகள், எத்தனை நாளுக்கு. சம்மதித்தால் மட்டுமே கோப்பு நகரும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம். ஆனால் இரு பக்கமும் இணைந்திருந்தால்தானே கேட்கவும் கொடுக்கவும் முடியும்? தெருமுனை கிளினிக்கில் இன்னும் கைச்சீட்டுதான்.

பதிவு ஒழுங்காக நடக்கும் இடங்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபர் முதல் அந்த 12 இலக்க எண் இல்லாமல் தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது என்றானது. செம்பாக்கத்திலோ பம்மலிலோ மாசமாக இருக்கும் பெண்ணைக் கேளுங்கள், எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்திருப்பார். காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய் தளம் இருக்கிறது. ஊட்டச்சத்துக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏற அந்தப் பதிவு வேண்டும். முதலில் மாதத்துக்கு 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000. ஆறு மாத மாத்திரையை நடுவில் விட்டவர் யார் என்று மருத்துவமனைக்கும் தெரிந்தாக வேண்டும். பதிவை நம்பி ஏதோ ஒன்று நிற்கும் இடத்தில்தான் அதை யாராவது அக்கறையோடு எழுதுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சானடோரியத்துக்கு இந்தப் பதிவு வேலை புதிதல்ல. டாக்டர் சவுரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் விடுதிதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டிலேயே முதலில் தொடங்கிய மையங்களில் அதுவும் ஒன்று. இந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் வெள்ளை அட்டை மையத்திலேயே இருக்கும், பச்சைப் புத்தகம் நோயாளி கையில் இருக்கும். உள்ளூரில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, ரயிலேறித் தாம்பரம் வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பதிவு காணாமல் போவதைவிடப் பெரிய பயம், பதிவு போகக்கூடாத இடத்துக்குப் போவது. 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் அந்த விவரத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆபாவிலும் எந்தப் பதிவை இணைப்பது, எதை விடுவது என்பது நோயாளியின் விருப்பம். இதை மேசையில் உட்கார்ந்திருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரிசை நீளும்போது யாரும் சொல்வதில்லை. சர்வர் பத்திரமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கணினிகள் தாக்கப்பட்டு, ஊழியர்கள் பல நாள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார்கள்.

சர்க்கரைக்காரருக்குத்தான் எண்ணோடு பிணைந்த பணமோ சான்றிதழோ இல்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் மெட்ஃபார்மின் வாங்குகிறார். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மதுமேகத்துக்குச் சூரணமும் வாங்குகிறார். அங்கே சொன்னதை இங்கே சொல்வதில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்து சர்க்கரையை மட்டுமீறி இறக்கினால் யாருக்குத் தெரியும்?

ஆச்சரியமாக, இந்த இரு பக்கப் பதிவுகளையும் இணைக்கும் வேலையில் பாதியைச் சித்த மருத்துவத்துறையே செய்து வைத்திருக்கிறது. ஆயுஷ் மருத்துவமனைகளுக்கான ஏ-எச்.எம்.ஐ.எஸ். மென்பொருள், மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கிய ‘தேரன்’ மென்பொருளிலிருந்து வளர்ந்ததுதான். சித்த நோய்ப் பெயர்களுக்கான குறியீடுகள் 2017இல் நமஸ்தே தளத்தில் வந்தன. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலிலும் பாரம்பரிய மருத்துவத்துக்கான இரண்டாம் தொகுதி சேர்ந்தது. மதுமேகம் என்று எழுதினால் அலோபதி மருத்துவரின் திரைக்கும் புரியவைக்க வழி உண்டு. நாடி பார்த்து வளி, அழல், ஐயம் என்று விரல் சொன்னதை ஒரு கட்டத்தில் டிக் அடிப்பது எப்படி என்பது வேறு கதை.

இப்போதைக்கு நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளே சொல்கின்றன. உள்நோயாளிப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கேட்டு வாங்குங்கள். இ.சி.ஜி. தாளை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அது வெப்பத்தில் எழுதும் காகிதம், சென்னை வெயிலில் பைக்குள்ளேயே அழிந்துவிடும்.