கீமோதெரபியின் நோக்கம் என்ன? மருத்துவர் ஜேன் வீக்ஸின் ஆய்வுகள் உணர்த்துவது

கீமோதெரபி நோயை முற்றிலும் குணப்படுத்துவதற்காகவா, கட்டுக்குள் வைப்பதற்காகவா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டதுண்டா? இதன் விடையை நோயாளிகள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதை ஆராய்ந்தவர் மருத்துவர் ஜேன் வீக்ஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 2013இல் காலமானார்.

ஆய்வுகள் காட்டியவை

1998இல் வெளியான இவரது ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் அல்லது கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோய் கொண்ட 917 பேர் இடம்பெற்றனர். குறைந்தது ஆறு மாதம் உயிர்வாழ்வோம் என உறுதியாக நம்பியவர்கள், வாழ்நாளை நீட்டிக்கும் சிகிச்சையையே அதிகம் விரும்பினர். அத்தகைய சிகிச்சையை விரும்பியவர்கள் கடுமையான சிகிச்சைகளுக்கும் அதிகம் உட்பட்டனர். ஆயினும், நோயின் நிலையைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, ஆறு மாத காலத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயிர்பிழைக்கவில்லை.

2012இல் வெளியான ஆய்வில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 1,193 பேரின் கருத்துகள் ஆராயப்பட்டன. இந்நிலையில் கீமோதெரபி வாழ்நாளைச் சில வாரங்களோ மாதங்களோ நீட்டிக்கலாம், துன்பத்தையும் தணிக்கலாம், ஆனால் நோயைக் குணப்படுத்தாது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 விழுக்காட்டினரும், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளில் 81 விழுக்காட்டினரும் இதனை உணர்ந்ததாகத் தெரிவிக்கவில்லை. மருத்துவர் தம்மிடம் மிக நன்றாகப் பேசுகிறார் என்று கூறியவர்களிடையே இத்தவறான புரிதல் அதிகமாகக் காணப்பட்டது. மருத்துவரின் கனிவு ஆறுதல் தரும். எனினும், நோக்கத்தைத் தெளிவாகக் கேட்டறிவதற்கு அது ஈடாகாது.

நீங்கள் கேட்க வேண்டியவை

- இச்சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, வாழ்நாளை நீட்டிப்பதா, துன்பத்தைத் தணிப்பதா?
- எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம்?
- பக்கவிளைவுகள் அன்றாட வாழ்வை எவ்வாறு பாதிக்கும்?
- வேறு வழிகள் உள்ளனவா?

பராமரிப்பவர்களுக்கு

மருத்துவரைச் சந்திக்கும்போது நோயாளியுடன் செல்லுங்கள், விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அளவுக்கு அறிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேளுங்கள்.

மேற்கண்ட முடிவுகள் பரவிய நிலைப் புற்றுநோய்க்கே உரியவை. பல புற்றுநோய்கள், குறிப்பாகத் தொடக்க நிலையில், குணப்படுத்தக்கூடியவை. எனவே, மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். உண்மை நிலையை அறிந்தால், உங்களுக்கு எது முக்கியமோ அதற்கேற்ற முடிவை நீங்களே எடுக்க இயலும்.