சாயம் அடிக்கும் முன் உட்கூரையைத் தட்டிப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் பழைய வீவக வீடுகளில் குடும்பமே சாய வாளியும் உருளையுமாக இறங்கிவிடும். செலவு மிச்சம், பிள்ளைகளுக்கும் உற்சாகம். ஆனால் சமையலறை, குளியலறை உட்கூரையில் சாயம் உப்பியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ, அதன்மேல் புதுச் சாயம் பூசி மறைத்துவிடாதீர்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை குறையும். ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். ஒருநாள் அது பெயர்ந்து தலையில் விழலாம்.

துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அங்கே பழுது உண்டு.

சிறிய இடமென்றால் பெரியவர்களே சரிசெய்யலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, தளர்ந்த கான்கிரீட்டை அகற்றுங்கள். கம்பியைத் துருப்போகத் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசி, பழுதுபார்ப்புச் சிமெண்ட் கலவையால் அடையுங்கள். இந்தத் தட்டுமுட்டுச் சத்தத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழுது பரவியிருந்தால் குத்தகையாளரை அழைப்பதே நல்லது. பிள்ளைகளுக்குச் சுவர்களை ஒதுக்குங்கள். வேலை முடிந்தபின் குளியலறைச் சன்னலைத் திறந்தே வையுங்கள். ஈரம் தங்காவிட்டால் உட்கூரை நீடிக்கும்.