அடுப்பில் கால் நீட்டிய மோகினி

பேய்ப்படம் என்றால் படித்தவர்கள் முகஞ்சுளிப்பது வழக்கம். விஞ்ஞானம் பயிலும் மாணவன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று கேட்கும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. பேய் இல்லை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இல்லாத ஒன்றைத் திரையில் காட்டுவதற்கு மனிதன் ஏன் இத்தனை பாடுபடுகிறான்? இந்தக் கேள்வி விஞ்ஞானத்துக்குப் புறம்பானதன்று.

மண்டி மொஹல்லாவில் அறை எடுத்துத் தங்கி, மானச கங்கோத்ரிக்குப் போய்வரும் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தென்னாட்டு மாயாஜாலப் படங்களின் தொட்டில்களுள் இந்த மைசூரும் ஒன்று. பி. விட்டலாச்சார்யாவைத் தெலுங்குப் பட முதலாளி என்றே தமிழர்கள் அறிவர். அவரோ 1920இல் உடுப்பிக்கு அருகே உத்யாவரத்தில் பிறந்தவர். டூரிங் டாக்கீஸ் நடத்திப் பார்த்துவிட்டு மைசூருக்கு வந்தார், டி. சங்கர் சிங்குடன் சேர்ந்து படக் கம்பெனி தொடங்கினார். கம்பெனியின் பெயர் மகாத்மா பிக்சர்ஸ். அது எடுத்ததோ நாககன்னிகையும் (1949) ஜகன்மோகினியும் (1951)! கன்னட ஜகன்மோகினியை இயக்கியவர் சங்கர் சிங். படம் பெருவெற்றி பெற்றது. பின்னர் விட்டலாச்சார்யா சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1978இல் அதே பெயரில் அவர் தெலுங்கில் எடுத்த படம்தான் தமிழ் பேசி நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தது.

அந்தப் படத்தில் விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் பேயை மறந்தவர் யார்? நம் பெற்றோர் கூட இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பயமுறுத்த வந்த பேய் வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டது போலும்!

அக்காலத்தில் கணினி இல்லை. பின் இப்பேய்களை எப்படிச் சமைத்தார்கள்? கால் எரிவதற்குப் பெரிய தந்திரம் வேண்டாம். நடிகையின் கால்களை மறைத்து, பொய்க்கால் இரண்டை நீட்டினால் போதும். ஊடுருவித் தெரியும் பேய்க்குத்தான் பௌதிகம் வேண்டும். படச்சுருளில் உள்ள வெள்ளி உப்பு, ஒளி பட்ட இடத்தில் மட்டும் மாறும். முதலில் வெறும் அறையைப் படமெடுப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில், கறுப்பு வெல்வெட்டுத் திரைக்கு முன் நடிகையை நிற்க வைத்து மீண்டும் எடுப்பார்கள். கறுப்பிலிருந்து ஒளி வராது. ஆகவே அந்தப் பகுதியில் முன்பு பதிந்த அறை கெடாது. நடிகையின் மீது விழும் விளக்கைச் சற்றுக் குறைத்துவிட்டால் அவள் உடம்பின் வழியே சுவரும் தெரியும். திடீரென்று மறைவதற்கு இன்னும் எளிய வழி: காமிராவை நிறுத்து, ஆளை விலக்கு, மறுபடி ஓட்டு. பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியே 1896லேயே செய்து காட்டிய வித்தை இது. இதைத் தெரிந்துகொண்ட பின் பேய்ப்படம் பார்க்கும் இன்பம் குறைவதில்லை, கூடுகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் தந்திரம் பாதிதான். பேய் ஏன் வருகிறது? நம் மோகினி ஏமாற்றப்பட்டு உயிர்விட்ட பெண். உயிரோடிருந்தபோது எந்தப் பஞ்சாயத்தும் கேளாத வழக்கைச் செத்த பிறகு எடுத்துக்கொண்டு வருகிறாள். படம் என்ன தீர்ப்புச் சொல்கிறது? பக்தியுள்ள மனைவி தேவியின் துணையால் மோகினியை வென்று கணவனை மீட்கிறாள். வாதி துரத்தப்படுகிறாள், ஆணின் பொய்யைக் கேட்பார் இல்லை. மூடநம்பிக்கையை விட இதுவே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

இதற்கு மாறாக ஓர் அயல்நாட்டுப் பேயைப் பாருங்கள். மெக்சிகோ நாட்டு இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ தொடக்கத்தில் ஸ்பானிய மொழியில் படமெடுத்தவர். தங்க வண்டு போன்ற ஒரு பொறியால் ரத்தவெறி கொள்ளும் கிழவரின் கதையான குரோனோஸ் 1993இல் உலகறிய வந்தது. 2001இல் வந்தது தி டெவில்ஸ் பேக்போன். 1939, ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடியும் நேரம், அனாதைச் சிறுவர்களின் விடுதி, முற்றத்தில் வெடிக்காத குண்டொன்று குத்திட்டு நிற்கிறது. அங்கே உலவுவது சான்டி என்ற சிறுவனின் ஆவி. அவன் தலைக் காயத்தின் ரத்தம் கீழே சொட்டாமல், தண்ணீருக்குள் போல, மேல்நோக்கி மிதக்கிறது. காரணம், அவனைப் போட்டது நீர்த்தொட்டியில். சாட்சி சொல்ல வேறு யாரும் வேண்டாம். பேயின் உடம்பே சாட்சி! சான்டி கேட்பது ஒன்றுதான்: தன்னைக் கொன்றவனைத் தன்னிடம் கொண்டுவர வேண்டும். சிறுவர்கள் கொண்டுவருகிறார்கள்.

தமிழில் இத்தகைய தீர்ப்பு வரவில்லையா? வந்தது. 2011இல் ராகவா லாரன்ஸ் எடுத்த காஞ்சனாவில், நிலத்துக்காகக் கொலையுண்ட திருநங்கையாகச் சரத்குமார் நடித்தார். கூச்சலும் கும்மாளமும் மிகுந்த படம். பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் ஓரிடம் உண்டு. பேயை ஓட்டிய பிறகு, அதன் கதையை முழுதும் கேட்ட நாயகன், தன் உடம்பை அதற்குத் தானே இடமாகக் கொடுக்கிறான்.