கோல்ப் ஆட்டத்தின் விதிகளும் தண்டங்களும்

கோல்ப் என்னும் ஆட்டத்தைக் கண்டவர் நம்முட் சிலர். ஆடியவர் அவரினும் சிலர். ஆயினும் அதன் விதிகளை ஆராயுமிடத்து, ஆடாதார்க்கும் பயன்படத்தக்க செய்தியொன்று அவற்றுள் அமைந்திருத்தலைக் காண்கின்றோம். ஆதலின், அவற்றுள் இன்றியமையாதன சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வாட்டம் ஸ்காட்லாந்து தேயத்தில் வளர்ந்தது. எடின்பரோ நகரை யடுத்த லீத் என்னுமிடத்தில் ஆடிவந்த கனவான்கள் 1744-ஆம் ஆண்டில் 13 விதிகளை எழுதிவைத்தனர். நமக்குக் கிடைத்துள்ள கோல்ப் விதிகளுள் அவையே மிகப் பழையன. அதன்பின் விதிகள் பெருகின. பலகால் திருத்தவும் பெற்றன. 2019-ஆம் ஆண்டில் நிகழ்ந்த திருத்தம் மிகப் பெரியது.

ஆட்டத்தின் நோக்கம் எளிது. பந்தை மட்டையால் அடித்துச் சென்று, பதினெட்டுக் குழிகளில் முறையே வீழ்த்தல் வேண்டும். மொத்தத்தில் குறைந்த அடிகளால் முடித்தவரே வென்றவர். பந்து கிடந்தவாறே அடித்தலும், களம் உள்ளவாறே ஆடுதலும் தலையாய விதிகள். இவற்றினின்று விலகுவார்க்குப் பொருள் தண்டமன்று. அடிகளே தண்டமாகக் கூட்டப்படும்.

ஓரடித் தண்டம் பெரும்பாலும் இடரினின்று நீங்குதற்குக் கொடுக்கும் விலையாகும். பந்து நீர்நிலையில் வீழ்ந்ததாயின், அங்கிருந்தே அடிப்பார்க்குத் தண்டமில்லை. விதித்த இடத்தில் பந்தை விட்டு ஆடுவார்க்கு ஓரடி கூடும். புதரிற் சிக்கி ஆடவொண்ணாத பந்திற்கும் அவ்வாறே. பந்து எல்லையைக் கடந்ததேனும், மூன்று நிமிடம் தேடியும் அகப்படாததேனும், முன் அடித்த இடத்திற்கே மீளுதல் வேண்டும். அங்ஙனம் மீள்பவர்க்கு முன்னடி ஒன்று, தண்டம் ஒன்று. எனவே அடுத்து அடிப்பது மூன்றாம் அடியாகின்றது. தொலைவும் இழந்து அடியும் இழத்தலின், இதனை ஆட்டக்காரர் பெரிதும் அஞ்சுவர்.

இரண்டடித் தண்டமோ விதியை மீறியதற்காக விதிக்கப்படுவது. மணற்பள்ளத்தில் மட்டையால் மணலைச் சோதித்தலும், பிறர் பந்தை அடித்தலும் இவ்வகையின. குழிதோறும் வெற்றி தோல்வி காணும் இருவர் போட்டியில், இத்தகைய பிழை செய்தவர் அக்குழியையே இழப்பர்.

இனி, இவற்றை யெல்லாம் கண்காணிப்பவர் யாவர்? களமோ மிக விரிந்தது. பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை. தம் தவற்றைத் தாமே கண்டு, தாமே கூறி, தாமே தண்டத்தை ஏற்றல் இவ்வாட்டத்தின் மரபு. 1925-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெரும்போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பார் அடிக்க முற்பட்டபோது பந்து சிறிதே அசைந்தது. பிறர் ஒருவரும் அதனைக் கண்டிலர். ஆயினும் அவர் தம்மேல் ஓரடி ஏற்றுக்கொண்டார். முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமமாக நின்றனர். பின்னர் நிகழ்ந்த தீர்வாட்டத்தில் ஜோன்ஸ் ஓரடியால் தோற்றார். அத்தண்டத்தை ஏலாதிருந்தாரேல் தீர்வாட்டமே வேண்டியிராது, வெற்றி அவரதாயிருக்கும்.

மாணவ நண்பர்களே, காண்பார் உள்ளவிடத்து விதியைக் காத்தல் அரிதன்று. காண்பார் இல்லாவிடத்துக் காப்பதே மாண்பு. தேர்வு மண்டபத்திலும், பின்னர் நாம் புகும் தொழில்களிலும், நடுவர் எப்போதும் நம்மருகில் நிற்பதில்லை. ஜோன்ஸ் இழந்தது ஓர் ஆட்டம். காத்துக்கொண்டது எத்துணைப் பெரிதென்பதை நாம் எண்ணிப்பார்ப்போமாக.