வாக்கிய அமைப்பும் தரவுத்தள வடிவமைப்பும்

1. முன்னுரை

தரவுத்தள ஆய்வு கணிதத்தின் துணையால் வளர்ந்த துறையாகும். எனினும் ஒரு தரவுத்தளத்தை வடிவமைக்கும் முதற்பணி மொழியைச் சார்ந்தே நிகழ்கிறது. நிறுவனத்தார் தம் நடைமுறைகளை இயல்பான வாக்கியங்களில் விவரிக்கின்றனர். வடிவமைப்பாளர் அவற்றிலிருந்து தரவின் அமைப்பைப் பிரித்தெடுக்கிறார். இதற்கென ஆங்கில இலக்கணத்தை அடியொற்றி வகுக்கப்பட்ட விதிகள் தமிழுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. செனின் விதிகள்

1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகக் காணும் மாதிரியை முன்வைத்தார். கணவியல் வழக்கையொட்டி அவர் ஆண்ட கலைச்சொல் ‘உறவு’ என்பதாகும். 1976இல் பீட்டர் சென் உருபொருள், தொடர்பு, பண்பு என்னும் பாகுபாட்டை வகுத்தார். செனின் ‘தொடர்பு’ உருபொருள்களை இணைப்பது. காடின் ‘உறவு’ அட்டவணையாக அமைவது. மொழிபெயர்ப்பில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் மயக்கம் தரும்.

1983இல் சென் தம் மாதிரியை ஆங்கில வாக்கிய அமைப்போடு ஒப்பிட்டார். பொதுப்பெயர் உருபொருளாகும், செயப்படுபொருள் குன்றா வினை தொடர்பாகும், பெயரடை உருபொருளின் பண்பாகும், வினையடை தொடர்பின் பண்பாகும். எதிர்க்காட்டுகள் உண்டாதலின் இவை வழிகாட்டுதல்களே என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார்.

3. தமிழ் வாக்கியங்கள்

‘மாணவர் பாடத்தைக் கற்கிறார்’ என்பதில் இவ்விதிகள் தடையின்றிப் பொருந்துகின்றன. ‘ஆசிரியருக்குத் தமிழ் தெரியும்’ என்பதில் அவ்வாறில்லை. இங்கு அறிபவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். இரண்டாம் வேற்றுமைச் செயப்படுபொருள் இல்லை. ஆயினும் ஆசிரியருக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பே கூறப்படுகிறது.

‘ஆசிரியருக்கு வயது 40’, ‘ஆசிரியருக்கு ஒரு மகள்’ ஆகியவற்றில் வேற்றுமை ஒன்றே, வினையும் இல்லை. ஆனால் வயது ஒரு பண்பு. மகளோ தனக்கெனப் பெயரும் வயதும் உடைய வேறோர் உருபொருள்.

பெயரெச்சம் மேலும் கருதத்தக்கது. ‘பழைய நூல்’ என்பதில் அடை, நூலின் பண்பைக் குறிக்கிறது. ‘1998இல் நூலகம் வாங்கிய நூல்’ என்பதிலும் அடை அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் ‘வாங்கிய’ என்பது நூலகத்தையும் நூலையும் இணைக்கும் தொடர்பு. 1998 அத்தொடர்பின் பண்பு. இடத்தை மட்டும் நோக்கி அவ்வாண்டை நூலின் பண்பாகப் பதிவு செய்தால், அதே நூலை மற்றொரு நூலகம் 2003இல் வாங்கும்போது இரண்டாம் ஆண்டைக் குறிக்க இடமிராது. முன்னதை அழிக்க நேரும்.

4. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், தமிழில் புறவடிவம் ஒன்றே தரவின் அமைப்பைக் காட்டப் போதாது என்பது பெறப்படும். பெயரெச்சத்தை முழுவாக்கியமாக விரித்தல், நான்காம் வேற்றுமைப் பெயரின் பொருட்பங்கை வினவுதல், ஒரு பொருள் தனக்கெனப் பண்புகள் உடையதா எனக் காணுதல் ஆகிய மூன்றும் வடிவமைப்பிற்கு முன் செய்யத்தக்கன. தேவை ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோரும் இவ்வேறுபாடுகள் மறையாதவாறு வாக்கியங்களை அமைத்தல் வேண்டும்.