பழைய போல்ட்டை நம்பாதீர்கள்

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே தொங்க, சிப்பந்திகள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள்.

கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதை இறுக்கிய 90 போல்ட்டுகளில் 84-இன் குறுக்களவு 0.66 மி.மீ. குறைவு. மாற்றியவர் பாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டே புதியதை எடுத்திருந்தார். அந்தப் பழைய போல்ட்டுகளே கையேடு கேட்ட நீளத்துக்குக் குட்டை!

துளை ஏன் தேய்கிறது?

தவறான போல்ட் மட்டுமல்ல, தளர்ந்த போல்ட்டும் ஆபத்துதான். போல்ட் சரியாக இறுகியிருக்கும்வரை அது பிணைக்கும் இரு தகடுகளும் ஒன்றாக நிற்கும். இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு அதிர்விலும் போல்ட் துளையின் சுவரில் இடிக்கும். வட்டத் துளை முட்டை வடிவாகும். விளிம்பில் மயிரிழை விரிசல் பிறக்கும். துரு சேர்ந்தால் விரிசல் வளரும் வேகம் கூடும்.

என்ன செய்ய வேண்டும்?

ஆட்டம் தெரிந்தால் ஸ்பேனரால் இன்னும் இறுக்குவது மருந்தல்ல. கழற்றி, துடைத்து, போல்ட்டை மைக்ரோமீட்டரிலும் துளையை கேஜிலும் அளக்க வேண்டும். எஃகு போல்ட்டில் விரிசலைக் காந்தத்துகள் சோதனை காட்டிக்கொடுக்கும். அலுமினியத் துளையில் சுழல் மின்னோட்டச் சோதனை.

தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும், துளையை ரீமரால் அடுத்த அளவுக்குச் சீராக்கிப் பெரிய போல்ட் போடலாம், அல்லது புஷ் எனும் உள்வளையம் பொருத்தலாம். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம்வரை போல்ட் குறுக்களவைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. அவ்வளவு மிஞ்சாவிட்டால் என்ன செய்வதென்று தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். பட்டறையில் செய்வதுபோலத் தகரம் சுற்றிச் செருகுவது விமானத்தில் ஆகாது. விரலால் சுழலும் செல்ஃப்-லாக்கிங் நட்டையும், கழற்றிய ஸ்பிளிட் பின்னையும் குப்பையில் போடுங்கள்.

யாருக்கு என்ன உரிமை?

பொறியாளரே, விமானத்தை விடுவிக்கும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே. நேரமில்லை என்று மேலிடம் நெருக்கினாலும், அளக்காத துளைக்குக் கையெழுத்துப் போட மறுக்கலாம். குறையை இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தன்னார்வப் புகார் முறையில் தெரிவிக்கலாம். பெயர் ரகசியமாக வைக்கப்படும்.

பயணிகளே, கண்ணில் பட்டதைச் சிப்பந்தியிடம் சொல்லத் தயங்காதீர்கள். 2024 ஜனவரியில் மான்செஸ்டரில், இறக்கையில் சில பிணைப்பாணிகள் இல்லாததை ஒரு பயணி கவனித்துச் சொன்னார். ஆபத்தில்லை என்றே விமான நிறுவனம் சொன்னது. ஆனாலும் சோதிப்பதற்காக நியூயார்க் பயணத்தை ரத்து செய்தது.

இத்தகைய சோதனையால் தாமதம் வரலாம். இந்தியாவில் உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம். மறுத்தால் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். அந்த உரிமையைத் தாராளமாகக் கேளுங்கள். துளையை அளந்துகொண்டிருப்பவரை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.