நல்ல கொலஸ்ட்ராலும் நம் அன்றாட வாழ்வும்

'கொழுப்பு' என்னும் சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறோம். அதனாலோ என்னவோ, குருதிப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் என்பதைக் கண்டதும் அது முற்றிலும் தீயது என எண்ணிவிடுகிறோம். உண்மையில் உயிரணுச் சவ்வுக்கும் பித்தநீருக்கும் அது இன்றியமையாதது.

கொழுப்பு நீரில் கரையாது. ஆதலின் புரதத்தோடு சேர்ந்து சிறு பொதிகளாகவே குருதியில் செல்கிறது. எல்.டி.எல். என்னும் பொதி கொலஸ்ட்ராலை உடலெங்கும் கொண்டுசெல்வது. மிகுந்தால் தமனிச் சுவரில் படிவது. எச்.டி.எல். என்பது மிகையானதை மீட்டுக் கல்லீரலுக்குக் கொணர்வது. இதனையே 'நல்ல கொலஸ்ட்ரால்' என்கின்றனர். ஆடவர்க்கு 40 மில்லிகிராமுக்கும் மகளிர்க்கு 50 மில்லிகிராமுக்கும் கீழே இருப்பின் அது குறைவு எனப்படும்.

இக்குறை நம்மிடையே மிகுதி. தமிழகம் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தப்பெற்று 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 72 பேரிடம் இது காணப்பட்டது. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் மீண்டும் தோசை என மாவுப்பொருளே நம் வயிற்றை நிரப்புகிறது. உடலுழைப்பில் செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. அது குருதியில் மிகும்போது எச்.டி.எல். பொதிகள் சிறுத்து விரைவில் அழிகின்றன.

மொத்த அளவை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வோர் பலர். மொத்தம் 190; ஆயின் எச்.டி.எல். 30 மட்டுமே எனக் கொள்வோம். கழித்தால் எஞ்சுவது 160. அது 130க்குள் இருத்தல் நலம். இருநூறைத் தாண்டவில்லை என்று மகிழ்ந்தவர் உண்மையில் இடர் விளிம்பில் நிற்கிறார்.

அவ்வாறாயின் மாத்திரையால் எச்.டி.எல்லை உயர்த்தலாகாதா? முயன்று பார்த்தனர். டார்செட்ராபிப் என்னும் மருந்து அதனைப் பெரிதும் உயர்த்தியது. எனினும் அதனை உண்டோரிடையே இறப்பு மிகுந்ததால் 2006இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. புகையைக் கொண்டு நெருப்பை அறிகிறோம். புகையை அகற்றினால் நெருப்பு அவிந்துவிடாது. எச்.டி.எல். குறைவும் அத்தகையதோர் அடையாளமே என்பது நம் கருத்து. மதுவும் அவ்வெண்ணைச் சிறிது உயர்த்தும் என்பர்; அதனால் விளையும் கேட்டின்முன் அவ்வுயர்வு ஒரு பொருட்டன்று.

செய்யத்தக்கவை எளியனவே. தட்டில் சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் சுண்டல், பயறு, கீரை, வேர்க்கடலை ஆகியவற்றை வைக்கலாம். மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிந்த மீன்கள். டிரைகிளிசரைடைக் குறைக்கும் கொழுப்பு அவற்றில் உண்டு. பொரித்தால் பயன் குறையும், குழம்பே ஏற்றது. விருந்துப் பிரியாணியில் பல்லாண்டுகள் ஆட்சி செய்த வனஸ்பதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு தீயதை உயர்த்தி நல்லதைத் தாழ்த்துவது. 2022 முதல் நம் நாட்டில் அதற்கு நூற்றுக்கு 2 என வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. புகைப்பழக்கத்தை விட்டோர்க்கு எச்.டி.எல். சற்றே உயர்வதும் உண்டு.

நடையால் கிட்டும் உயர்வு சில மில்லிகிராமே. ஆயினும் இடுப்பளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் அனைத்தும் உடன் தணிகின்றன. வாரத்திற்கு 150 நிமிட விரைநடை போதும். எல்.டி.எல்லுக்கென மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடலாகாது.

நம் ஊர்களில் ஆடவர் கடைத்தெருவரையிலேனும் நடந்துவிடுகின்றனர். மகளிர்க்கு அந்த வாய்ப்பும் அரிது. கல்லூரித் திடலை நாள்தோறும் அதிகாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கெனத் திறந்துவைக்கலாம். இதனை நிர்வாகத்தினரும் ஊர்ப் பெரியோரும் கலந்து முடிவு செய்ய வேண்டுகிறோம்.